சரஸ்வதி பூசையில் ஒரு வெள்ளைக்காரி

2024 ஒக்ரோபர் 10, வியாழக்கிழமை, பிற்பகல் நான்கு மணி பத்து நிமிடம். வெளியே நல்ல வெயில், பன்னிரண்டு பாகை, மேற்கிலிருந்து காற்று. அஜின்கோர்ட்டில் எங்கள் வீட்டு வரவேற்பறையில், சரஸ்வதி படத்துக்கு முன்னால் என் மனைவி மூடி வைத்திருந்த வெள்ளைத் துணியின் ஒரு மூலையை நான் தூக்கிப் பார்த்தேன்.

தூக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். புத்தகங்களையும் வாத்தியங்களையும் பூசையில் வைத்து மூடிவிட்டால் விஜயதசமி காலையில்தான் எடுக்க வேண்டும். அதுவரை படிக்கக் கூடாது, வாசிக்கக் கூடாது, தொடவே கூடாது. யாழ்ப்பாணத்தில் இருபது வருடம் கணிதம் படிப்பித்தவன் நான். அந்த மூன்று நாளும் மடக்கை அட்டவணையைக்கூடத் தொடாமல் இருந்திருக்கிறேன். ஆனால் மனைவி மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். போய்வர இருபது நிமிடம் ஆகும். துணிக்குக் கீழே தேவாரத் திரட்டையும் என் மடக்கை அட்டவணையையும் பேத்தியின் வயலினையும் தவிர வேறு ஏதோ ஒன்று, சதுரமாக, தட்டையாக இருப்பது வெளியிலேயே தெரிந்தது.

அது ஓர் இசைத்தட்டின் உறை. அதில் ஓர் இளம் வெள்ளைக்காரி கிற்றாரைக் குறுக்கே பிடித்துக்கொண்டு, பெரிய தோடுகளோடு, யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பியவள்போல நின்றாள். அவளுடைய நெற்றியில், இரண்டு புருவங்களுக்கும் சரி நடுவில், என் மனைவி சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமமும் வைத்திருந்தாள்.

துணியை இருந்தபடி மூடிவிட்டு வந்து கதிரையில் உட்கார்ந்தேன். எனக்குச் சந்தேகம் வந்தது. வயது எழுபத்தெட்டு, சும்மாவும் வரும். ஆனால் அன்று வந்ததற்குக் காரணம் இருந்தது.

என் மனைவி வாராவாரம் செவ்வாய்க்கிழமை வெக்ஸ்போர்ட்டுக்குப் பஸ்ஸில் போய்வருவாள். அங்கே ஒரு மாடிக் கட்டடத்தில் அவளுடைய சிநேகிதி ஒருத்தி தனியே இருந்தாள். எண்பது தாண்டிய வெள்ளைக்காரி. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், மின்குமிழ்களைப் பெட்டியில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில், இருவரும் ஒரே மேசையில் எதிரெதிரே நின்று வேலை செய்தவர்கள். அந்த மனிசிக்கு முழங்கால் போன பிறகு இவள் போய்வரத் தொடங்கினாள். இதுவரைக்கும் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் திரும்பி வரும்போது பாட்டோடு வருவாள். வெங்காயம் வதக்கும்போது ஆங்கிலத்தில் முணுமுணுப்பாள். ஒரு நாள் அதில் ஆண்டவரைக் கூப்பிடும் சொல் என் காதில் விழுந்தது. அடுத்த செவ்வாய் இரண்டு தரம் விழுந்தது.

இதை நான் ஒருவரிடம் மட்டும் சொன்னேன். மோலில் கடைகளுக்கு நடுவே கோப்பி குடிக்கக் கூடுகிற எங்கள் வயதுக்காரர்களில் ஒருவர், ஊரில் தபாலதிபராக இருந்தவர்.

"அண்ணை, செவ்வாய்க்கிழமை, வெள்ளைக்கார மனிசி, இங்கிலீசுப் பாட்டு," என்று மூன்று விரலை மடக்கினார். "உது அல்லேலூயாதான். வேற ஒண்டுமில்லை."

"கிற்றாரோட பாடுற பழைய பாட்டு எண்டு சொல்லுறா."

"அவையளும் கிற்றார்தானே வாசிக்கினம்! மோர்னிங்சைட்டில என்ர மச்சாளையும் முதல்ல பாட்டுச் சொல்லிக் குடுத்துத்தான் கூப்பிட்டவை. மூண்டாம் மாதம் பொட்டை அழிச்சுப்போட்டா. பேந்து கோயில் பக்கம் தலை வைச்சும் படுக்கேல்லை."

அன்று முதல் காலையில் எழுந்தவுடன் மனைவியின் நெற்றியைத்தான் பார்ப்பேன். பொட்டு இருந்தது. ஆனால் இருக்கிறது என்பதால் இருக்கும் என்று அர்த்தமில்லை.

ஒக்ரோபர் எட்டாம் திகதி செவ்வாய்க்கிழமை அவள் துணிப்பையொன்றைத் தட்டையாக நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். என்ன என்று கேட்டேன்.

"றெக்கோட்," என்றாள். "அவவுக்கு முதியோர் இல்லத்தில இடம் கிடைக்கப்போகுதாம். வாற செவ்வாய் போறா. தமையன்ர மகன் வந்து வீட்டைக் காலி பண்ணுறான். கண்டதெல்லாத்தையும் கறுப்புப் பையில போட்டுக் கட்டுறான். உதையும் எறிஞ்சுபோடுவான் எண்டு என்னட்டைத் தந்து விட்டவ."

"தந்தவவோ, வித்தவவோ?"

"விசர்க்கதை கதையாதேங்கோ. விஜயதசமி முடிய, சனிக்கிழமை கொண்டுபோவன். இரண்டு பேரும் கடைசியா ஒருக்கா இருந்து கேக்கப்போறம். இல்லத்தில பிளேயர் வைக்க விடமாட்டினமாம். அவவுக்கு அதுதான் ஒரே ஆசை."

இவ்வளவும் சொன்னாள். நான் ஒன்றையும் நம்பவில்லை. முதியோர் இல்லத்துக்குப் போகிறவள் எதற்கு ஒரு தட்டைப் பிறர் வீட்டில் ஒளித்து வைக்கிறாள்? திருப்பிக் கொடுக்கப்போகும் பொருளை எதற்கு என் வீட்டுப் பூசையில் வைக்க வேண்டும்? பொட்டு வைத்ததைப் பார்த்த பிறகு சந்தேகம் குறையவில்லை, இன்னொரு பக்கமாகத் திரும்பியது. பொட்டை அழிக்கச் சொல்கிறவர்கள் ஒரு விதம். பொட்டு வைத்துக்கொண்டே உள்ளே வருகிறவர்கள் அதைவிடக் கெட்டிக்காரர்கள்.

நான்கு முப்பத்தைந்துக்குத் தொலைபேசி அடித்தது. மனைவி அப்போதுதான் உள்ளே வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். சிநேகிதிதான். ஆங்கிலத்தில் பேசினார்கள். என் மனைவியின் ஆங்கிலம் எனக்கு எப்போதும் ஒரு புதிர். நான் பாதிரிமாரிடம் படித்த ஆங்கிலம் ஒன்று, அவளுடையது வேறு. சொற்களை இழுத்து, மூக்குக்குள் சுற்றி, கடைசியில் கீழே போடுவாள். பஸ் சாரதிகள் சிரித்துக்கொண்டு பதில் சொல்வார்கள். நான் கேட்டால் அவர்களுக்கு விளங்காது.

தொலைபேசியை வைத்தபோது அவளுடைய முகம் வாடியிருந்தது.

"இல்லத்தில கட்டில் நேரத்தோட கிடைச்சிட்டுதாம். நாளைக்கு ஒரு மணிக்குப் போறா."

"நாளைக்கோ? செவ்வாய் எண்டல்லோ சொன்னனீர்?"

"கட்டில் வந்தால் உடனே ஓமெண்ட வேணும், இல்லாட்டி அடுத்த ஆளுக்குக் குடுத்திடுவினம். தமையன்ர மகனுக்கும் நாளைக்கு மட்டும்தான் சாமான் ஏத்த வான் கிடைக்குதாம்." சுவரோடு சாய்ந்து நின்றாள். "நான் செய்த மடைவேலையைப் பாருங்கோ. பூசையில கொண்டுபோய் வைச்சிட்டன். சனிக்கிழமை காலமைதானே எடுக்கலாம். அவ நாளைக்குப் போறா."

"அப்ப இல்லத்துக்குக் கொண்டுபோய்க் காட்டும்."

"காட்டுறதுக்கு அது என்ன கலியாணப் படமே? கேக்கவல்லோ வேணும். அந்த அறையில, அந்தப் பிளேயரில."

"அப்ப ஏன் அந்தப் பொம்பிளைக்குப் பொட்டு வைச்சனீர்?"

அவள் சுவரிலிருந்து நிமிர்ந்தாள்.

"பொட்டு வைச்சது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

தேவையில்லாமல் தொண்டையைச் செருமினேன். அவள் பூசை மூலையைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். சரஸ்வதி படத்தை நோக்கி ஒரு தரம் கும்பிட்டாள்.

"அப்ப பூசை ஏற்கெனவே கலைஞ்சுபோச்சு."

"மூலையை மட்டும்தான் தூக்கினனான்."

"மூலையோ முழுசோ, கலைஞ்சது கலைஞ்சதுதான். நல்லதாப் போச்சு. இனி எடுக்கிறதில ஒண்டும் இல்லை. ஆனால் நான் தொடமாட்டன். நீங்கள்தானே தூக்கினனீங்கள், நீங்களே எடுங்கோ. பாவம் ஒராளோட நிக்கட்டும்."

எடுத்தேன். எடுக்கும்போது கேட்டேன், இதை எதற்குப் பூசையில் வைத்தீர் என்று.

"பேத்தியின்ர வயலினை வைக்கலாம், உங்கட கணக்குப் புத்தகத்தை வைக்கலாம். நான் இங்கிலீசு படிச்சது உதிலதானே? நீங்கள் எனக்கு ஒரு நாளாவது சொல்லித் தந்தனீங்களே? மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில அவ ஒவ்வொரு வரியாப் பாடிப் பாடிச் சொல்லித் தந்தவ. உதுதான் என்ர புத்தகம்."

"அதில ஆண்டவரைக் கூப்பிடுறீர்."

"நாங்கள் 'என்ர முருகா' எண்டு அலுத்துக்கொள்ளுறம், அது மாதிரித்தான். அவளை ஒருத்தன் விட்டிட்டுப் போறான். வேற ஆரைக் கூப்பிடுறது?"

இதை எழுதும்போதும் எனக்கொரு சந்தேகம் இருக்கிறது. துணியின் மற்ற மூன்று மூலைகளும் பலகைக்குக் கீழே செருகியிருந்தன. நான் தூக்கிய அந்த ஒன்று மட்டும் செருகாமல் இருந்தது. அவள் அப்படி ஒன்றை மறக்கிற ஆள் இல்லை. ஆனால் தொலைபேசி வரும் என்று அவளுக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு வெக்ஸ்போர்ட் போய்ச் சேர்ந்தோம். கட்டடத்துக்கு முன்னால் விருந்தினர் தரிப்பிடம் ஒன்று காலியாக இருந்தது. பக்கத்தில் ஒரு பலகை: வாகன இலக்கத்தை வாசலில் இருக்கும் இயந்திரத்தில் பதிய வேண்டும், இலவசம். போய்ப் பார்த்தேன். வாகன இலக்கத்தோடு என் தொலைபேசி இலக்கத்தையும் கேட்டது. இலவசமாகத் தருகிறவனுக்கு என் தொலைபேசி இலக்கம் எதற்கு? நான் கொடுக்கவில்லை. ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடுவோம்தானே என்று மேலே ஏறினோம்.

வீடு இரண்டாம் மாடியில். உள்ளே கறுப்புப் பைகள். நான் எண்ணியது பத்தொன்பது. சிநேகிதி ஒரு மடிப்புக் கதிரையில், மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு, பயணத்துக்கு ஆயத்தமாக உட்கார்ந்திருந்தாள். என் மனைவியைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டினாள். இவள் குனிந்து அவளுடைய கன்னத்தில் தன் கன்னத்தை வைத்தாள். இத்தனை வருடத்தில் நான் அதைக் கண்டதில்லை.

தமையன் மகன் ஐம்பது வயதுக்காரன். உறையைக் கண்டதும் என் கையிலிருந்து மெதுவாக வாங்கினான். அந்த 'மெதுவாக' எனக்குப் பிடிக்கவில்லை. முன்னும் பின்னும் திருப்பினான். பிறகு கைபேசியை எடுத்து எதையோ தேடினான். பக்கவாட்டில் எட்டிப் பார்த்தேன். அதே உறையின் படம், கீழே விலை. ஆக, எறிந்துவிடுவான் என்று அந்த மனிசி பயந்தது பாதிதான் சரி. பிறகு அவன் உறையை வெளிச்சத்தில் பிடித்து, நெற்றிப் பொட்டை நகத்தால் சுரண்டினான். குங்குமம் அட்டைக்குள் ஊறிப்போயிருந்தது. இன்னும் அகலமாகப் பரவியதுதான் மிச்சம்.

"கறை," என்று ஆங்கிலத்தில் சொன்னான். "இனி இதை ஒருவரும் வாங்கமாட்டார்கள்."

அவனுடைய அத்தை உறையைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, கிட்டப் பிடித்து, வாய்விட்டுச் சிரித்தாள். இவளுக்குக் கலியாணம் செய்து வைத்துவிட்டீர்களா என்று என் மனைவியிடம் கேட்டாள்.

"படிப்பிச்ச ஆளுக்கு மரியாதை," என்றாள் என் மனைவி, அந்த இழுத்த ஆங்கிலத்தில்.

பிளேயர் சிறிய சூட்கேஸ் போன்றது. தரையில் இருந்தது. மேசை போய்விட்டது. மின்செருகியைச் சுவரில் செருகினால் ஓடும், கையை எடுத்தால் நிற்கும். சுவரிலிருந்த துளை தளர்ந்துபோயிருந்தது. தமையன் மகன் இரண்டு தரம் செருகிப் பார்த்துவிட்டு, நேரமில்லை என்று பைகளைத் தூக்கத் தொடங்கினான். மனைவி என்னைப் பார்த்தாள். பால் பெட்டியொன்றைக் கவிழ்த்துப் போட்டு, பல்கனிக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, செருகியை அழுத்திப் பிடித்தேன். ஓடியது.

முதல் பக்கம் வேகமான பாட்டுகள். நான் என்ன எதிர்பார்த்தேனோ தெரியாது, இதை எதிர்பார்க்கவில்லை. அந்தப் பெண் பாடவில்லை, சண்டைக்கு வந்தாள். காய்ந்த பலகையில் அரத்தை வைத்து இழுத்ததுபோல ஒரு கரகரப்பு; பிறகு திடீரென்று ஒரு கிரீச்சல்; பிறகு சிரிப்பதுபோல ஒரு விக்கல். பின்னால் கிற்றாரும் மேளமும் அவளைப் பிடிக்க ஓடின. ஒவ்வொரு பாட்டும் இரண்டு நிமிடத்தைச் சற்றுத் தாண்டியதும் கதவைச் சாத்தியதுபோல முடிந்தது. சிநேகிதிக்குக் காது கேட்பது மட்டு. குனிந்து, பிளேயரின் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கேட்டாள். என் மனைவி வரிக்கு வரி வாயசைத்தாள். நாற்பத்தொன்பது வருடம் என்னோடு இருந்தவள். அவளுடைய தொண்டைக்குள் இப்படியொரு கரகரப்பு இருப்பது எனக்குத் தெரியாது.

தட்டைத் திருப்பிப் போட்டார்கள். அடுத்த பக்கம் நாட்டுப்புறத்துச் சோகப் பாட்டுகள். குரல் மாறிவிட்டது. நீளமாக, ஈரமாக, ஒவ்வொரு வரியின் முடிவிலும் சற்று உடைந்து வந்தது. எனக்குச் சந்தேகம் தட்டியது. "இது வேறை ஆள்," என்றேன் மனைவியிடம். "ஒராளின்ர படத்தைப் போட்டு இரண்டு பேரைப் பாட வைச்சிருக்கிறாங்கள்."

அவள் அதை மொழிபெயர்த்துச் சொல்ல, சிநேகிதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய தகப்பனும் இதையேதான் சொன்னாராம். பதினாறு வயதில், உருளைக்கிழங்குத் தோட்டத்தில் கிழங்கு பொறுக்கிய கூலியில் இதை வாங்கினாளாம். இரண்டாம் பக்கத்தை மட்டும் வீட்டில் போடத் தகப்பன் விட்டாராம். முதல் பக்கம் பெண்பிள்ளைகள் பாடுகிற பாட்டு இல்லையாம். யாரோ ஆம்பிளையின் குரலாக இருக்க வேண்டுமாம். அவர் தோட்டத்துக்குப் போனபிறகு முதல் பக்கத்தைப் போட்டு, அவளும் தமையனும் சமையலறையில் ஆடுவார்களாம்.

தமையன் மகன் கையில் பையோடு வாசலில் நின்றுவிட்டான். "அப்பாவா? ஆடினாரா?" என்று கேட்டான். அதற்குப் பிறகு அவசரப்படுத்தவில்லை. அது உண்மையா நடிப்பா என்று என்னால் சொல்ல முடியாது.

கடைசிப் பாட்டுக்கு முந்தைய பாட்டில் கண்ணாடிக் கதவு வழியாகக் கீழே பார்த்தேன். மஞ்சள் மேற்சட்டைக்காரன் ஒருவன் கார்களுக்கிடையே நடந்துகொண்டிருந்தான். ஒவ்வொரு காராகக் குனிந்து பார்த்தான். என்னுடையது ஐந்தாவது.

"இஞ்சேரும்," என்றேன், "கீழ தண்டம் எழுதுற ரிக்கற்காரன் நிக்கிறான். உதை ஒருக்கா நிப்பாட்டினால் ஓடிப்போய்ச் சொல்லிப்போட்டு வந்திடுவன்."

மனைவிக்குக் கேட்கவே இல்லை என்று நினைக்கிறேன். கடைசிப் பாட்டு தொடங்கிவிட்டது. மற்றவற்றைவிட மெதுவானது. சிநேகிதியின் கை பெட்டிமேல் இருந்தது. என் மனைவி அந்தக் கைமேல் தன் கையை வைத்திருந்தாள். இருவரும் பாடினார்கள், ஒருத்தி சத்தமில்லாமல், மற்றவள் மெல்ல. தமையன் மகனிடம் பிடிக்கக் கொடுத்திருக்கலாம். ஆனால் அவன் பையோடு லிப்டுக்குப் போயிருந்தான். இருந்திருந்தாலும் அவனை நம்பிக் கொடுத்திருப்பேனோ தெரியாது. கீழே மஞ்சள் சட்டை என் காரை முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்தது, கையிலிருந்த கருவியில் இலக்கத்தைத் தட்டியது, மறுபடியும் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தது. கையை எடுத்தால் படியிறங்க நாற்பது விநாடி. எனக்கு முழங்கால் பரவாயில்லை. முடியும்.

செருகியை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தேன்.

மஞ்சள் கடதாசி காரின் துடைப்பானுக்குக் கீழே போனது. பாட்டு முடிந்தது. ஊசி வெறும் தட்டில் சுற்றிக் கரகரத்தது. அதையும் அவர்கள் சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு சிநேகிதி தட்டை உறைக்குள் போட்டு என் மனைவியின் மடியில் வைத்தாள். அங்கே இதை வைக்கிறதுக்கு இடமில்லை, நீ வைத்துக்கொள் என்றாள். சரியாக ஒரு மணிக்குத் தமையன் மகனின் வான் வண்டியில் ஏறிப் போனாள்.

வண்டியை எடுக்குமுன் அவன் பிளேயரையும் வாங்கிக்கொள்ளுங்கள் என்றான், நாற்பது டொலர். பெறுமதியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மனைவி காருக்குள் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஊசி தேய்ந்திருந்தது என்று மறுவாரம் கடைக்காரன் சொன்னான். புதிய ஊசி வரியோடு இருபத்தெட்டு டொலர் இருபத்தைந்து சதம். தரிப்பிடத் தண்டம் எழுபத்தைந்து. பூசையைக் கலைத்ததற்குக் கோயிலில் என் பெயரில், என் நட்சத்திரத்தில் ஒரு விசேட அர்ச்சனை. ரசீது என்னிடம் இருக்கிறது, ஐம்பத்தொரு டொலர். எல்லாமாக நூற்றுத் தொண்ணூற்று நான்கு டொலர் இருபத்தைந்து சதம்.